அரங்கன் தீவும் புதுப்பொருட் சந்தையும்

காவிரி இருகிளையாய்ப் பிரிந்து தழுவிச் செல்லும் தீவுகளுள் மூன்றில் அரங்கன் பள்ளிகொண்டிருக்கிறான் என்பது நம்மவர் அறிந்ததே. ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், திருச்சிக்கு அருகிலுள்ள திருவரங்கம் அந்தியரங்கம். தொழில் நாடிக் கன்னட நாட்டுக்கு வந்த தமிழர், ஆதிரங்கத்தின் படித்துறையில் நீரைக் கையில் அள்ளும்போது, இது நம் ஊருக்குப் போகும் தண்ணீரல்லவா என்று நினைக்காமல் இருப்பதில்லை. ஆயின் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது கோயிலைப் பற்றியன்று. அவ்வூரில் தோன்றிய ஒரு விழாவையும், அதையொட்டி வளர்ந்த பொருட்காட்சியையும், அங்கே நம் பணப்பையைச் சோதிக்க வரும் புதுமைகளையும் பற்றியதாகும்.

மைசூர் தசரா என்று உலகம் கொண்டாடும் விழாவை ராஜ உடையார் 1610ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில்தான் தொடங்கினார். 1799இல் கோட்டை வீழ்ந்தபின் அரசு மைசூருக்குப் பெயர்ந்தது. விழாவும் உடன் பெயர்ந்தது. பத்தாம் சாமராஜேந்திர உடையார் காலத்தில், 1880இல், விழாவோடு ஒரு பொருட்காட்சியும் சேர்ந்தது. நாட்டில் விளைவதையும், கைத்தொழிலில் உருவாவதையும், புதிதாய் வந்திருப்பதையும் குடிமக்கள் கண்ணாரக் காண வேண்டும் என்பது அதன் கருத்து. இன்றும் அரண்மனைக்கு எதிரேயுள்ள தொட்டகெரே மைதானத்தில் தசராவை ஒட்டி அது நடந்து வருகிறது.

புதுமைக் கருவி என்றால் அந்தத் தீவுக் கோட்டைக்குள்ளேயே ஒன்று இருந்தது. திப்பு சுல்தானுக்காகச் செய்யப்பட்ட மரப்புலி அது. ஐரோப்பியன் ஒருவன்மீது பாய்ந்து கிடக்கும் புலி. பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுற்றினால் உள்ளேயிருக்கும் துருத்திகள் இயங்கும். புலி உறுமும், மனிதன் அலறுவான், அவன் கையும் அசையும். புலியின் வயிற்றுக்குள் வாசிக்கத்தக்க இசைக்கருவியும் உண்டு. 1799இல் கைப்பற்றப்பட்ட அது இப்போது இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலைப்பாட்டில் அதிசயந்தான். எனினும் ஓர் அரசர் கண்டு மகிழ உருவான பொருள் அது. எந்த வீட்டின் பாரத்தையும் அது குறைக்கவில்லை.

அதே காவிரி, மத்தியரங்கத்தில் செய்த வேலையோ வேறு விதம். 1902இல் சிவசமுத்திர அருவியிலிருந்து பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே ஓடிக் கோலார் தங்கவயலை அடைந்தது. அந்தச் சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். பெங்களூருக்கு 1905இலும், மைசூர் நகருக்கு 1908இலும் மின்விளக்கு வந்தது. அரசர் வாழ்ந்த ஊருக்கு முன்பே தொழிலாளி உழைத்த ஊருக்கு மின்சாரம் சென்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1935இல் மைசூரில் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்திலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தை நிறுவி, அதற்கு ஆகாசவாணி என்று பெயரிட்டார். கம்பியில் வந்த ஆற்றலின் துணையால், குரல் கம்பியில்லாமலே வீட்டுக்குள் வந்தது.

இனி உலகச் சந்தையைச் சற்றே நோக்குவோம். வீட்டு மின்னணுச் சாதனங்களுக்கென்று அமெரிக்காவில் 1967இல் நியூயார்க்கில் தொடங்கிய கண்காட்சி, இப்பொழுது ஆண்டுதோறும் சனவரியில் லாஸ் வேகாஸ் நகரில் கூடுகிறது. 1970இல் அங்கே காட்டப்பட்ட ஒளிநாடாப் பதிவுக் கருவி உலகெங்கும் வீடுகளில் புகுந்து, பல்லாண்டு உழைத்து, 2016இல் உற்பத்தி நின்று ஓய்ந்தது. 2010இல் அதே அரங்கை நிறைத்தவை கண்ணாடி அணிந்து காணும் முப்பரிமாணத் தொலைக்காட்சிகள். இனி எல்லாம் இதுதான் என்று முழங்கினார்கள். 2017க்குள் பெரிய நிறுவனங்கள் அவற்றைச் செய்வதையே கைவிட்டன. இரண்டும் ஒரே அரங்கில் ஒளிவீசியவைதாம். நிலைத்தது எது, நீங்கியது எது என்பதைத் தீர்த்தவர்கள் வீட்டிலிருந்த மக்களே.

ஆகவே, பொருட்காட்சியில் விற்பவர் கேட்பது நம் தவணைக் கையெழுத்தை. நாம் கேட்க வேண்டியவை மூன்று கேள்விகள்.

முதலாவது, இது நமக்குச் செலவை வைக்கிறதா, குறைக்கிறதா? சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் உண்ணும். இப்போது வந்துள்ள புதுவகை மோட்டார் விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் ஆண்டுக்கு 160 யூனிட்டுக்கு மேல் மிச்சம். பார்வைக்குப் பகட்டில்லை, ஆனால் மாதந்தோறும் மின்கட்டணச் சீட்டு அதற்குச் சாட்சி சொல்லும்.

இரண்டாவது, பழுதானால் யார் பார்ப்பார்? தசராவுக்குப் பின்னே தீபாவளி வருகிறது. பெங்களூரிலும் மைசூரிலும் உழைப்பவர் ஊருக்குப் பொருள் வாங்கிச் செல்லும் காலம் அது. கும்பகோணத்துக்கு அப்பாலுள்ள சிற்றூரில், உதிரிப் பாகமும் கிடைக்காமல், திறந்து பார்க்க ஆளும் இல்லாமல், உறை போட்டு மூலையில் வைக்கப்படும் பொருளால் பெற்றோருக்குப் பயன் என்ன? பழுதுபார்க்கும் வசதிகளைப் பொதுமக்கள் அறிவதற்கென்றே நடுவண் அரசு 2022இல் ஓர் இணையவாயிலைத் திறந்தது. வாங்குமுன் அதைப் பார்ப்பது நலம்.

மூன்றாவது, இது யாருடைய மொழியில் பேசுகிறது? இன்றைய கருவிகள் கேட்கவும் பேசவும் கற்றுவருகின்றன. தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் கைப்பேசிகளும் வந்துவிட்டன. எழுதப் படிக்கத் தெரியாத அன்னையார் ஒருவர், தம் பேரனுக்குத் தம் சொல்லிலேயே ஒரு செய்தி அனுப்ப முடியுமானால், அதனினும் சிறந்த புதுமை வேறில்லை. அயல்மாநிலத்தில் வளரும் பிள்ளைகள் அவ்வூர் மொழியை நன்கு கற்கட்டும். அது நமக்குச் சோறிடும் மண்ணின் மொழி. பாட்டியின் செய்தி வரும்போது அதைப் புரிந்துகொள்ளும் செவியும் அவர்களுக்கு இருக்கட்டும். அந்தச் செவியை எந்தக் கடையும் விற்பதில்லை.

பொருட்காட்சிக்குப் போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போவோம். கண் நிறையக் காண்போம். விற்பவரிடம் விளக்கம் கேட்போம். வாங்குவதை மட்டும் ஒருநாள் தள்ளிப்போட்டு, அன்றிரவே ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து, "உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும்?" என்று கேட்போம். விசிறி என்பார்களோ, விளக்கு என்பார்களோ. நீ ஒருமுறை வந்துவிட்டுப் போனாற் போதும் என்றும் சொல்லக்கூடும். அப்படியானால், வாங்க வேண்டியது ரயில் சீட்டு.