காப்பு வரிக்குக் காலக்கெடு வேண்டும்



உள்நாட்டுத் தொழிலை அரசு காக்க வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கை இன்னும் நடத்திக்கொண்டிருப்பது வீண்வேலை. இன்றைய பெரிய தொழில் நாடுகளுள் பெரும்பாலானவை அரசின் கைத்தாங்கலோடு எழுந்தவை என்பதை வரலாறு அறிந்தவர் எவரும் மறுக்க மாட்டார். யாரைக் காப்பது, எத்தனை ஆண்டு காப்பது, காக்கப்பட்டவர் அதற்கு ஈடாக நாட்டுக்கு என்ன தர வேண்டும் என்ற வழக்குதான் இந்தியாவில் தீராமல் நிற்கிறது. இந்த மூன்று கேள்விகளையும் கேட்க விடாமல், கேட்பவரைச் சுதேசிக்கு எதிரி என்று முத்திரை குத்தி அனுப்பும் வழக்கம் வலுத்துவருவதால், அவற்றைப் பொது மேடையில் உரக்கக் கேட்கும் கட்டாயம் வந்திருக்கிறது.

இறக்குமதித் தீர்வை என்பது வெளிநாட்டுப் பொருள் துறைமுகத்தில் இறங்கும்போது அரசு விதிக்கும் வரி. அதை அயல்நாட்டான் கட்டுகிறான் என்ற பேச்சு காதுக்கு இனிக்கும். ஆனால் அதைக் கட்டுபவர் உள்நாட்டு இறக்குமதியாளர், அதில் பெரும்பகுதியைச் சுமப்பவர் பொருளை வாங்குகிறவர். வரி விதித்த மறுநாளே, அதே பொருளை உள்நாட்டில் செய்பவருக்கும் தம் விலையை அந்த அளவுக்கு ஏற்றிக்கொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. இறக்குமதியான பொருளின் மீது வசூலாகும் தொகை அரசின் கருவூலத்துக்குப் போகிறது. உள்நாட்டுப் பொருளின் மீது ஏறிய விலையோ நேரே ஆலை உரிமையாளரின் கணக்கில் சேர்கிறது. எனவே காப்பு வரி என்பது, வரவு செலவுத் திட்டத்தில் எழுதப்படாமலும் நாடாளுமன்றத்தில் வாக்கெடுக்கப்படாமலும் வாங்குவோரின் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும் மானியமே. கொடுக்கக் கூடாத மானியம் என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. கணக்குக் கேட்க வேண்டிய மானியம் என்பதே இங்குள்ள வாதம்.

தடையற்ற வணிகத்தை உலகுக்கு உபதேசித்த பிரிட்டன் தன் இளமையில் என்ன செய்தது என்பதைச் சுருக்கமாக நினைவூட்டினால் போதும். இந்திய அச்சுத் துணியை உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு இறக்குமதி செய்யக் கூடாதென்று 1700-லும், பருத்தித் துணி வகைகளில் பெரும்பாலானவற்றை உடுத்தவே கூடாதென்று 1721-லும் அது சட்டம் இயற்றியது. தன் ஆலைகள் உலகை வெல்லும் அளவுக்கு வளர்ந்த பிறகுதான் அதற்குத் தடையற்ற வணிகம் அறமாகத் தோன்றியது. 1896-இல் இந்தியாவுக்குள் வரும் துணிக்கு மூன்றரை சதவீதத் தீர்வை இருந்தபோது, பிரிட்டனின் லங்காஷயர் துணி ஆலைகளின் மனம் கோணாதிருக்க, இந்திய ஆலைத் துணி மீதும் அதே மூன்றரை சதவீதம் கலால் வரி, அதாவது உள்நாட்டு உற்பத்தி மீதான வரி, விதிக்கப்பட்டது. அந்த வரி 1925 டிசம்பரில்தான் நிறுத்திவைக்கப்பட்டது. காப்பு வரியே பாவம் என்று இன்று பாடம் நடத்துவோர் இந்த மூன்றரை சதவீதத்தை மறந்துவிட்டே பேசுகிறார்கள்.

ஆனால் அதே காலனி ஆட்சியின் கீழ், இன்றைய குடியரசு வெட்கப்படத்தக்க ஒரு நல்ல ஏற்பாடும் நடந்தது. இப்ராகிம் ரகிம்துல்லா தலைமையிலான நிதிக் குழு, தேர்ந்தெடுத்துக் காத்தல் என்ற கொள்கையை 1922-இல் பரிந்துரைத்தது. ஒரு தொழிலுக்கு இந்நாட்டில் மூலப்பொருள், சந்தை போன்ற இயற்கை வசதிகள் இருக்க வேண்டும். காப்பில்லாமல் அது வளர முடியாத நிலை இருக்க வேண்டும். இறுதியில் காப்பின்றித் தானே நிற்கும் தகுதி அதற்கு இருக்க வேண்டும் என்று அக்குழு மூன்று நிபந்தனைகளை வகுத்தது. இவற்றை விசாரிக்க 1923-இல் தீர்வை வாரியம் அமைந்தது. காப்புக் கேட்ட ஆலை தன் அடக்கவிலையை வாரியத்தின் முன் வைக்க வேண்டியிருந்தது. இறக்குமதி வணிகரும் பொருளை வாங்குவோரும் எதிர்ச்சாட்சி சொன்னார்கள். சாட்சியங்கள் அச்சிட்டு வெளியிடப்பட்டன. ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலைக்காக 1924-இல் வந்த எஃகுத் தொழில் காப்புச் சட்டம் மூன்றே ஆண்டுகளுக்கானது. தவணை முடிந்ததும் மீண்டும் விசாரணை நடந்தது. அதன் பிறகே 1927-இல் புதிய விகிதங்களோடு காப்பு நீட்டிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தீர்வை ஆணையம் இந்த மரபைத் தொடர்ந்து, 1976-இல் கலைக்கப்பட்டது. அதே பெயரில் 1997-இல் அமைந்த மற்றொன்றும் 2022-இல் மூடப்பட்டுவிட்டது. அடிப்படைச் சுங்க விகிதங்கள் இன்று நிதிநிலை அறிக்கையின் இணைப்புகளிலும், ஓர் இரவில் வெளியாகும் அறிவிக்கைகளிலும் மாறுகின்றன. யார் கேட்டார், என்ன கணக்குக் காட்டினார் என்பது ஊருக்குத் தெரிவதில்லை.

வரிச் சுவர் எழுப்பினால் உள்ளூரார் மட்டும் அதன் நிழலில் வளர்வார்கள் என்று எண்ணுவோர் தீப்பெட்டியின் கதையை அறிய வேண்டும். 1922-இல் அரசு, பெரும்பாலும் தன் வருவாயை உத்தேசித்து, இறக்குமதித் தீப்பெட்டியின் மீதான தீர்வையை ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். சாத்தூர், கோவில்பட்டி வட்டாரமெங்கும் பின்னாளில் பரவிய கைத்தொழிலுக்கு அதுவே வித்து. ஆனால் அதே 1923-இல் சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. வெளியிலிருந்து விற்றால் தீர்வை கட்ட வேண்டும், உள்ளே வந்து செய்தால் கட்ட வேண்டியதில்லை என்று கணக்கிட்டு, வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக விம்கோ, என்ற பெயரில் இந்தியாவுக்குள்ளேயே இயந்திர ஆலைகளை நிறுவியது. திருவொற்றியூரில் இன்றும் மெட்ரோ நிலையத்தின் பெயராக வழங்கும் விம்கோ நகர் அந்த வரிச் சுவரின் எச்சம்.

வெளிநாட்டுப் பெருமுதல் சுவருக்கு உள்ளேயே வந்து உட்கார்ந்த பிறகு, சிவகாசியின் கைத்தொழிலைத் துறைமுகத்துத் தீர்வை காப்பாற்றியிருக்க முடியாது. பின்னாளில் அதைக் காத்தது உள்நாட்டுக் கலால் வரியில் வைக்கப்பட்ட வேறுபாடு. இயந்திரத்தில் செய்த பெட்டிக்குக் கூடுதல் வரி, கையால் செய்த பெட்டிக்குக் குறைந்த வரி என்ற அந்த ஏற்பாடுதான் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. (அந்தச் சோற்றில் நெடுங்காலம் குழந்தைகளின் உழைப்பும் கலந்திருந்தது என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது, காப்பளித்த அரசு கல்வியை நிபந்தனையாக வைத்திருந்தால் அந்தக் கறை முன்பே துடைக்கப்பட்டிருக்கும்.) ஒரு தொழிலின் எந்தப் படியில் யார் நிற்கிறார் என்று பார்த்து அளந்து வைக்கும் காப்பே பலன் தரும் என்பதற்குத் தீப்பெட்டி போதிய சான்று.

காலக்கெடுவும் நிபந்தனையும் இல்லாத காப்பு என்ன செய்யும் என்பதை மோட்டார் வாகனத் தொழில் காட்டியது. இளம் தொழில் வாதம் என்று பொருளியலார் கூறும் கருத்தை அலெக்சாண்டர் ஹாமில்டன் 1791-லும் பிரீட்ரிக் லிஸ்ட் 1841-லும் வகுத்துரைத்தார்கள். புதிய தொழில் பழகித் தேறும்வரை முதிர்ந்த போட்டியாளரிடமிருந்து அதைக் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். தேறும்வரை என்ற சொல்லை இந்தியா விட்டுவிட்டது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வார்ப்பில் 1950-களின் பிற்பகுதியில் வந்த அம்பாசடர் கார், பெரிய உருமாற்றம் ஏதுமின்றி 2014 வரை உத்தர்பாராவில் செய்யப்பட்டது. சென்னைக்கு அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனமும் அதே சுவருக்குள் கார் செய்து, 1980-களின் இறுதியில் மூடப்பட்டது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள்தான் அக்காலத்தின் கார் வாங்குவோர். வாங்குகிறவர் காத்திருக்கும்போது விற்பவர் திருந்த வேண்டிய தேவை என்ன இருந்தது?

தென்கொரியாவும் சுவர் எழுப்பிய நாடுதான். ஜப்பானியக் கார்களை அது 1999 வரை உள்ளே விடவில்லை. ஆனால் மலிவு வட்டிக் கடனும் காப்பும் பெற்ற கொரிய நிறுவனங்களுக்கு அரசு ஏற்றுமதி இலக்கு விதித்தது. உள்ளூரில் காப்புப் பெற்றவன் வெளியூரில் காப்பின்றி விற்றுக் காட்ட வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. ஹூண்டாயின் முதல் சொந்தக் கார் மாதிரியான போனி 1976-லேயே ஏற்றுமதியானது. பத்தாண்டுகளில் அந்நிறுவனம் அமெரிக்கச் சந்தையில் நுழைந்தது. 1998-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யத் தொடங்கியது. தொழிற்சங்கங்களை நசுக்கிய அந்நாட்டுச் சர்வாதிகாரத்தை எவரும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம். முதலாளியிடமும் கணக்குக் கேட்ட அந்தக் கண்டிப்பை மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.

இனி இன்றைய நிலை. ஜவுளி என்பது இழை, நூல், துணி, ஆடை என்று படிப்படியாக நீளும் தொழில். மேல் படியான இழையில் முதல் அதிகம், ஆட்கள் குறைவு, நிறுவனங்களும் சில. கீழ்ப் படியான நெசவிலும் பனியன் தைப்பதிலும் முதல் குறைவு, ஆட்கள் இலட்சக்கணக்கில். காப்பு எந்தப் படியில் வைக்கப்பட்டிருக்கிறது? விஸ்கோஸ் பஞ்சிழை உற்பத்தி இந்நாட்டில் ஏறக்குறைய ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கையில், அதன் இறக்குமதிக்கு 2010 முதல் 2021 வரை பொருள்குவிப்புத் தடுப்பு வரி இருந்தது. தம் நாட்டில் விற்பதைவிடக் குறைவான விலையில் அயல்நாட்டார் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் வரி அது. அந்த வரி போனதும், 2023-இல் தரக்கட்டுப்பாட்டு ஆணை வந்தது. இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் சான்று பெற்ற அயல்நாட்டு ஆலையிடமிருந்து மட்டுமே இழை வாங்கலாம் என்பது அதன் பொருள். பெயரில் தரம், வேலையில் சுவர். ஈரோட்டிலும் பள்ளிபாளையத்திலும் ரேயான் துணி நெய்யும் விசைத்தறிக்காரர், உலகச் சந்தையில் விற்கும் விலைக்கு இழையையும் நூலையும் வாங்க முடியாமல், அதே இழையில் நெய்து வரும் அயல்நாட்டுத் துணியோடு போட்டியிட வேண்டியதாயிற்று. அந்த ஆணை 2025 நவம்பரில் விலக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் தறிக்காரர் இழந்ததற்குக் கணக்கு எழுதியவர் யார்?

பருத்தியிலும் இதே முரண். 2021 நிதிநிலை அறிக்கை, உழவரின் பெயரால், பருத்தி இறக்குமதிக்கு மொத்தம் 11 சதவீதத் தீர்வை விதித்தது. 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டியின் விலை இலட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த ஏற்றத்துக்கு உலகச் சந்தையே முதற்காரணம் என்பதையும், தீர்வை ஏப்ரலிலேயே தற்காலிகமாக நீக்கப்பட்டதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மே மாத விலை யாருக்குப் போயிற்று? அக்டோபர் முதல் மார்ச்சுக்குள் பெரும்பாலான சிறு உழவர் தம் பருத்தியை விற்று முடித்துவிடுகிறார்கள். மே மாதத்தில் பஞ்சு இருப்பது இருப்பு வைத்தவரின் கிடங்கில். உழவரைக் காக்க வேண்டுமென்றால், அதற்கு நேர்வழி இந்தியப் பருத்திக் கழகம் ஆதரவு விலையில், விளைந்த பருவத்திலேயே, முழு அளவில் கொள்முதல் செய்வது. அந்தச் செலவு வரவு செலவுத் திட்டத்தில் தெரியும். அதைப் பற்றி மக்களவையில் விவாதிக்கலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீதான தீர்வையை 50 சதவீதமாக உயர்த்தியபோது, டெல்லி அவசரமாகப் பருத்தித் தீர்வையை நிறுத்திவைத்தது. இடர் வந்ததும் இறக்கிவைக்க வேண்டியிருந்த அச்சுமையை அதுவரை பனியன் தொழிலின் தலையில் ஏற்றிவைத்தது எந்தக் காப்பு?

அரசின் நேரடிச் செலவும் இதே பக்கம் சாய்கிறது. உற்பத்தியின் அளவுக்கேற்ப அரசு பணம் தரும் உற்பத்தி சார் ஊக்கத்தொகைத் திட்டம் 14 துறைகளுக்கு 1.97 இலட்சம் கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. 2021-இல் ஜவுளிக்கு ஒதுக்கியது 10,683 கோடி. அதில் சேர வேண்டுமானால் குறைந்தது 100 கோடி ரூபாய் புது முதலீடு வேண்டும் என்பது அன்றைய விதி. அதே அரசு அதற்கு முந்தைய ஆண்டு வகுத்த வரையறைப்படி, நடுத்தர நிறுவனம் ஒன்று இயந்திரங்களில் வைத்திருக்கக்கூடிய உச்ச முதலீடே அன்று 50 கோடி! ஆக, சிறு, நடுத்தர நிறுவனம் எதுவும் அத்தகுதியோடு அந்தப் படியேற முடியாதென்பது முதல் நாளே கணக்கில் தெரிந்த செய்தி. கூலிக்கு வேலை முடித்துத்தரும் ஜாப் ஒர்க்கில் வாழும் திருப்பூரின் நிட்டிங் கூடங்களும் தையல் கூடங்களும் அத்திட்டத்தின் கண்ணில் படவே இல்லை.

செலவு செய்தே காத்ததற்கும் திருப்பூரே சான்று. நொய்யல் ஆறு மாசுபட்டதால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தமிழ்நாடு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த அந்தப் பணம், எந்த ஒரு முதலாளியின் விலையையும் ஏற்றாமல், நூற்றுக்கணக்கான பட்டறைகளை மீண்டும் ஓடவைத்தது.

சீனா மலிவாகக் கொண்டுவந்து கொட்டும்போது கைகட்டி நிற்பதா என்று கேட்பார்கள். நிற்க வேண்டாம். 20 ரூபாய்க்கும் குறைந்த விலை லைட்டர்களின் இறக்குமதி 2023-இல் தடுக்கப்பட்டதைக் கோவில்பட்டி வரவேற்றது நியாயமே. அங்கே காப்பு பலரைக் காக்கிறது, அதனால் வேறெந்தத் தொழிலின் மூலப்பொருளும் விலை ஏறவில்லை. ஆயினும் அந்தத் தடைக்கும் ஒரு முடிவு நாள் வேண்டும், அதற்குள் தீப்பெட்டித் தொழில் என்ன செய்து முடிக்க வேண்டும் என்ற திட்டமும் வேண்டும்.

ஆகவே இந்த அவை மத்திய அரசிடம் கேட்க வேண்டியது பெரிதல்ல. கலைக்கப்பட்ட தீர்வை ஆணையத்தைச் சட்டபூர்வமான தனி அமைப்பாக மீண்டும் நிறுவ வேண்டும். காப்புக் கேட்கும் நிறுவனம் தன் அடக்கவிலையோடு அதன் முன் வந்து நிற்கட்டும். அந்தப் பொருளை வாங்கும் தறிக்காரரும் தையற்கூடக்காரரும் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காப்பு எதுவும் புதிய விசாரணையின்றி நீடிக்கக் கூடாது. தொகுதிக்கு வரும் ஒவ்வொரு மக்களவை உறுப்பினரிடமும், அவர் எந்தக் கட்சியாயினும், இந்தக் கோரிக்கைக்கு ஆதரவு கேட்டு, அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் எழுத்தில் பதில் வாங்குங்கள்.