முதல் இரண்டு கிலோமீட்டரில் அவசரம் வேண்டாம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



டிசம்பரில் கோவையில் நடக்கும் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நம் குடியிருப்பிலிருந்து பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். அதில் ஒன்பது பேருக்கு இதுதான் முதல் ஓட்டம். "மேடம், நீங்க ரெண்டு தடவை ஓடியிருக்கீங்க, பத்து நிமிஷம் பேசுங்க" என்றார் செயலாளர். நான் பயிற்சியாளர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு, 61 வயதில்தான் ஓடவே ஆரம்பித்தேன். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். புதிதாக ஓடுகிறவர்களைப் பாதி வழியில் உட்கார வைப்பது ஆரம்பத்து அவசரம்தான்.

முதலில் என் கணக்கையே திறந்து காட்டிவிடுகிறேன். முதல் ஓட்டத்துக்கு முன் இங்கே நம் ரோட்டில் ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்று பழகியிருந்தேன். அப்படியே ஓடியிருந்தால் 80 நிமிடத்தில் முடித்திருப்பேன். கோவையில் நடந்தது வேறு. விசில் அடித்ததும் சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாம் பறந்தார்கள், நானும் பறந்தேன். முதல் கிலோமீட்டர் 6 நிமிடம் 10 விநாடி. இரண்டாவது 6 நிமிடம் 40 விநாடி. மூன்றாவதில் 7 நிமிடம் 30 விநாடி ஆகிவிட்டது. அதோடு சரி. விலாவைப் பிடித்துக்கொண்டு மீதி ஏழு கிலோமீட்டரும் நடையும் ஓட்டமுமாகத்தான் போனேன். மொத்தம் 94 நிமிடம். முதல் மூன்று கிலோமீட்டரில் நான் சேமித்தது நாலு நிமிடத்துக்கும் குறைவு. அதற்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்தது பதினெட்டு நிமிடம்! எந்த வங்கியிலும் இப்படி ஒரு வட்டி கிடையாது.

ஏன் இப்படி ஆகிறது? நம்மால் தாங்க முடிந்த வேகத்தில் ஓடும்போது, தசைக்கு வேண்டிய பிராணவாயு மூச்சின் வழியே அவ்வப்போது வந்துகொண்டே இருக்கும். அதைத் தாண்டிப் போனால் வரவு போதாது. உடம்பு கையிருப்புச் சர்க்கரையை வேகமாக எரித்து ஈடுகட்டும். மூச்சு வாங்கும், தொடை கனக்கும், உடம்பு சூடேறும். இதெல்லாம் உடனே தெரியாது என்பதுதான் சிக்கல். முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் சுகமாகத்தான் இருக்கும்.

மஞ்சூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. நாம் இருப்பது ஆறாயிரம் அடிக்கு மேலே. இங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோவை இருப்பது 1,300 அடி சொச்சத்தில். அங்கே போனதும் மூச்சு லேசாக இருக்கும், ரோடு சமமாக இருக்கும், "அட, நமக்கு இவ்வளவு வேகமா!" என்று தோன்றும். ஏமாறாதீர்கள். அரை மணி நேரம் கழித்து வெயில் ஏறும். ஸ்வெட்டர் போட்டுப் பழகிய உடம்புக்குக் கோவையின் டிசம்பர் காலையே வெயில்தான். நான் விழுந்தது இந்தப் பள்ளத்தில்தான்.

பெரிய ஓட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். 2023 அக்டோபரில் சிகாகோ மாரத்தானில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 42.195 கிலோமீட்டரை 2 மணி 35 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அவரும் மலைநாட்டுப் பிள்ளைதான். முதல் பாதிக்கு அவர் எடுத்தது 60 நிமிடம் 48 விநாடி. இரண்டாம் பாதிக்கு 59 நிமிடம் 47 விநாடி. களைத்துப்போக வேண்டிய பாதியில் ஒரு நிமிடம் கூடுதல் வேகம்!

பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. நம் பந்தலூரை ஒட்டிய வயநாட்டில், சுல்தான் பத்தேரியைச் சேர்ந்தவர் கோபி தோனக்கல். 2016 ஜனவரியில் மும்பை மாரத்தானில் அவருக்குக் கொடுத்த வேலை பேஸர் வேலை. அதாவது நிதேந்திர சிங் ராவத்துக்குச் சீரான வேகம் வைத்துக் கொடுப்பது. ஜெயிக்கும் எண்ணத்தில் வந்தவர் இல்லை என்பதால் அவசரம் இல்லை. சொன்ன வேகத்தில் சீராக ஓடியவர், கடைசிவரை ஓடி முடித்தார். 2 மணி 16 நிமிடம் 15 விநாடி. இந்தியர்களில் இரண்டாவது இடம், கூடவே ரியோ ஒலிம்பிக் தகுதி! ரியோவில் 25-ஆவதாக வந்தார். மறு வருடம் சீனாவின் டோங்குவானில் ஆசிய மாரத்தான் தங்கமும் அவருக்குத்தான்.

சரி, நாம் என்ன செய்வது? நான்கு விஷயங்கள்.

ஒன்று, பேச்சுச் சோதனை. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் வேகம் சரி. மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின் பெரும்பகுதி இந்தப் பேசும் வேகத்தில்தான் இருக்க வேண்டும்.

இரண்டு, பட்ஜெட். 80 நிமிடம் இலக்கு என்றால் முதல் 2 கிலோமீட்டர் தலா எட்டரை நிமிடம். நடுவில் 6 கிலோமீட்டர் தலா 8 நிமிடம். கடைசி 2 கிலோமீட்டர் தலா ஏழரை நிமிடம். 17, 48, 15. கூட்டிப் பாருங்கள், 80 டாலி ஆகும். உங்கள் இலக்கு 90 நிமிடம் என்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று, நடப்பதில் வெட்கம் வேண்டாம். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, ஓட்டத்துக்கு நடுவே நடக்கும் முறையைப் புதியவர்களுக்குப் பல வருடம் சொல்லிக் கொடுத்தார். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே வைத்துக்கொள்ளலாம். களைத்த பிறகு நடப்பது வேறு, களைக்காமல் இருக்க நடப்பது வேறு.

நான்கு, ஏற்றத்தில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். நம் ரோட்டைவிட நல்ல வாத்தியார் இல்லை. குந்தா பாலம் பக்கம் இரண்டு கிலோமீட்டர் இறங்கித் திரும்பினால் போதும். போகும்போது இறக்கம் உங்களைத் தள்ளும். அந்தச் சுகத்தில் விட்டுவிட்டால், திரும்பும்போது ஏற்றம் அத்தனையையும் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "காலையிலேயே பறந்தா மத்தியானம் கை வராதும்மா" என்றார். நான் 94 நிமிடம் தவித்துக் கற்றதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இரண்டு எச்சரிக்கை. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருப்பவர்களும், பல வருடமாக உடற்பயிற்சி இல்லாதவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே நில்லுங்கள். மெடல் எங்கும் போய்விடாது. அடுத்தது, விடியும் முன் தனியாக ரோட்டில் இறங்காதீர்கள். காட்டுமாடும் கரடியும் வரும் ஊர் இது. மூடுபனியில் பஸ் டிரைவருக்கும் நாம் தெரியமாட்டோம்.

என் இரண்டாவது ஓட்டத்தைச் சொல்லாமல் விட்டேனே. போன வருடம் அதே தூரம். ஒரு வயது கூடுதல், மற்றபடி அதே கால்கள். முதல் கிலோமீட்டரை வேண்டுமென்றே எட்டரை நிமிடத்தில் ஓடினேன். பாட்டிகளும் பேரன்களும் என்னைத் தாண்டிப் போனார்கள். மனசு அடித்துக்கொண்டது, விடவில்லை. ஏழாவது கிலோமீட்டரிலிருந்து ஒவ்வொருவராக நான் தாண்ட ஆரம்பித்தேன். 79 நிமிடம். முடித்த பிறகு பேசவும் முடிந்தது, சிரிக்கவும் முடிந்தது.

நம் பி பிளாக்கில் ஒரு தம்பி இருக்கிறார். போன வருடம் மூன்று வாரம் ஓடினார், தினமும் முழு வேகம். பிறகு "எனக்கு ஓட்டம் ஒத்துவராது ஆன்ட்டி" என்று ஷூவை எடுத்து வைத்துவிட்டார். அவருக்கு ஒத்துவராதது வேகம். ஓட்டம் ஒத்துவருமா என்று அவர் இன்னும் பார்க்கவே இல்லை. இன்று அவரும் வந்திருக்கிறார், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

இந்த முறை எனக்கு நேரக் கணக்கு வேண்டாம். டிசம்பரில் நம் குழுவுக்கு நானே பேஸர். 80 நிமிட வேகத்தில் ஓடுவேன். என்னோடு வருபவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை: முதல் இரண்டு கிலோமீட்டரில் யாரும் என்னைத் தாண்டக் கூடாது. எட்டாவது கிலோமீட்டர் தாண்டியதும், முடிந்தவர்கள் இந்தக் கிழவியை விட்டுவிட்டு ஓடுங்கள். எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வெளிச்சம் வந்த பிறகு, கேட்டில் சந்திப்போம். பி பிளாக் தம்பி, நீங்களும் ஷூவோடு வாருங்கள்.