நடுக்குவாத மாத்திரை: தொடங்கும்போதும் மாற்றும்போதும்

(நமது மருத்துவ முகாமில் நரம்பியல் மருத்துவர் ஆற்றிய உரை)

பெரியவர்களே, அவர்களை அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளே, மருமகள்களே!

சென்ற ரமளானில் ஓர் அத்தாவைச் சக்கர நாற்காலியில் கொண்டு வந்தார்கள். ஷஃபானில் தானே நடந்து வந்து என்னைப் பார்த்தவர். நோன்பு பிடிக்க வேண்டும் என்று பகல் மாத்திரைகளை அவராகவே நிறுத்திவிட்டார். நான்காம் நாள் கட்டிலில் புரண்டு படுக்க முடியவில்லை, கஞ்சியை விழுங்க முடியவில்லை. ஷஃபானில் வந்தபோது நோன்பைப் பற்றி நானும் கேட்கவில்லை. என் தவறும் அதில் உண்டு.

பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதத்தில் மூளையில் டோபமைன் என்ற பொருள் குறைந்துவிடுகிறது. லெவோடோபா மாத்திரை மூளைக்குள் போய் டோபமைனாக மாறும். கூட இருக்கும் கார்பிடோபா, அது வழியிலேயே வீணாகாமல் காக்கும். நோயை இது குணமாக்காது. இறுக்கத்தைத் தளர்த்தி நடமாட வைக்கும். "இப்போதே ஆரம்பித்தால் பிற்பாடு மருந்து கேட்காது" என்று வருடக்கணக்கில் பொறுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பொறுப்பதால் மிச்சமாவது ஒன்றுமில்லை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, ஸஜ்தாவிலிருந்து எழ முடியவில்லை என்றால் தொடங்க வேண்டியதுதான்.

குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவோம். ஒரு வாரத்தில் பலன் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். முதல் நாட்களில் குமட்டினால் ஒரு பிஸ்கட்டோடு போடலாம். ஆனால் மெடோக்ளோபிரமைடு என்ற வாந்தி மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அது டோபமைனைத் தடுத்து நடுக்குவாதத்தைக் கூட்டும். எழுந்ததும் தலை சுற்றினாலோ, இல்லாத ஆள் நிற்பதாகச் சொன்னாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிறகு, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, அல்லது ஒரு மணி நேரம் கழித்துப் போடுவது நல்லது. இறைச்சி, பருப்பு, பால் இவற்றின் புரதம் மருந்து போகும் பாதையில் போட்டி போடும். பிரியாணி சாப்பிட்ட கையோடு போட்டுவிட்டு மாத்திரையைக் குறை சொல்லிப் பயனில்லை. பூனைக்காலி விதைப் பொடி சாப்பிடுபவர்கள் மறைக்க வேண்டாம். அதிலும் லெவோடோபாதான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அளவு மீறிவிடும்.

சில வருடங்கள் போனால், அடுத்த வேளைக்கு முன்பே மருந்தின் வேகம் தீரும். மாத்திரை போட்ட நேரம், உடம்பு இறுகிய நேரம், தானாக நெளிந்த நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நெளிவதை நோய் முற்றியதாக நினைத்து வீட்டில் இன்னொரு மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது மருந்து கூடியதால் வருவது.

நோன்புக்கு வருகிறேன். லெவோடோபா இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போதும். நம்மூரில் நோன்பு 13 மணி நேரத்துக்கு மேல். திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோயின் ஆரம்பத்தில் இருக்கும் சிலருக்கு வேளைகளை மாற்றிப் பார்க்கலாம். அதற்கு ரஜபிலேயே வாருங்கள். மற்றவர்களுக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஃபித்யா பற்றி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அத்தா இதைக் கேட்டு அழுதார். ஐம்பது வருடம் விடாத நோன்பு. இப்போது மாத்திரை போட்டுக்கொண்டு மஃரிபுக்கு நடந்து போகிறார்.

மாத்திரை அட்டை கொண்டு வந்தவர்கள் கையில் எடுத்து வையுங்கள். வரிசையில் நிற்க வேண்டாம், உட்கார்ந்தே இருங்கள். நான் வருகிறேன்.