மூப்பும் மூச்சும்

மூப்பு ஏன் வருகின்றது என்னும் வினா மிகப் பழையது. அதற்குரிய விடையின் ஒரு கூறு உடற்கலங்களினுள்ளே அடங்கியிருப்பதை அறிவியல் காட்டியுள்ளது.

உடலினின்று பிரித்து வளர்க்கப்படும் கலங்கள் முடிவின்றிப் பெருகும் என அறிஞர் ஒருகாலத்தில் நம்பினர். 1961ஆம் ஆண்டில் அமெரிக்கரான லெனாட் ஹேபிளிக், போல் மூர்ஹெட் ஆகியோர், மனிதக் கலங்கள் ஏறக்குறைய ஐம்பது முறை பெருகியபின் ஓய்ந்துவிடுவதைக் கண்டனர். அவ்வெண்ணிக்கையைக் கலம் எங்கே குறித்து வைத்திருக்கின்றது?

பாயின் ஓரத்தை மடித்து முடியாவிடின் ஓலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். கலத்தின் கருவிலுள்ள நிறமூர்த்தங்களுக்கும் அத்தகைய ஓரக்கட்டு உண்டு. அதன் பெயர் தெலோமியர். கலம் பிரியுந்தோறும் அது சிறிது குறுகும். மிகக் குறுகியதும் பிரிவு நின்றுவிடும்.

எனினும், அது எல்லாரிடத்தும் ஒரே வேகத்திற் குறுகுவதில்லை. உயிர் வாழ்வதற்கு இன்றியமையாத ஒட்சிசனே இதற்கு ஒரு காரணம். கலம் ஒட்சிசனைப் பயன்படுத்தும்போது தீங்கு விளைக்கும் சுயாதீன மூலிகங்களும் உண்டாகின்றன. மூப்புக்கு இவையே காரணம் என 1956இல் டெனம் ஹார்மன் கருத்துரைத்தார். உடலின் தற்காப்பினை இவை விஞ்சும் நிலையே ஒட்சியேற்ற அழுத்தம் எனப்படும். தெலோமியரில் மீள மீள வரும் ஆறு மூலங்களுள் மூன்று குவானின். எளிதில் ஒட்சியேற்றமடைவதும் அதுவே. வளியில் ஐந்திலொரு பங்கே ஒட்சிசன் உண்டு. 1995இல் வெளியான ஆய்வொன்றில், 40 சதவீத ஒட்சிசனில் வளர்க்கப்பட்ட மனிதக் கலங்களின் தெலோமியர்கள் விரைந்து குறுகின. கலங்களும் விரைவில் ஓய்ந்தன.

உள்ளத்தின் துயரும் இதனோடு தொடர்புடையதாகலாம். 2004இல் எலிசா எப்பல், எலிசபெத் பிளாக்பேர்ன் முதலியோர் தாய்மாரை ஆராய்ந்தனர். அவருட் பலர் நெடுநாள் நோயுற்ற பிள்ளைகளைப் பராமரித்தோர். மனவழுத்தத்தை மிகுதியாக உணர்ந்தோரிடம் தெலோமியர்கள் குறுகியும் ஒட்சியேற்ற அழுத்தம் மிகுந்தும் காணப்பட்டன.

அவ்வாறாயின் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் மாத்திரைகளை விழுங்கினாற் போதுமோ? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர்க்கு அத்தகைய பீற்றா கரோட்டின் மாத்திரைகள் அளிக்கப்பட்டன. 1994இல் முடிவு வெளியானபோது, அவற்றை உட்கொண்டோரிடம் நுரையீரற் புற்றுநோய் கூடியிருந்தது. தெலோமியரை நீட்டுதலும் ஆபத்தற்றதன்று. பிளாக்பேர்னும் கரோல் கிரைடரும் 1984இற் கண்டறிந்த தெலோமரேசு என்னும் நொதியம் அதனை நீட்டவல்லது. ஆயினும் பெரும்பாலான புற்றுநோய்க் கலங்கள் ஓயாது பெருகுவதும் அதே நொதியத்தின் துணையினாலேயாகும்.

ஆதலின், என்றும் இளமை தருவதாகக் கூறி விற்கப்படும் மருந்துகளை எச்சரிக்கையுடன் நோக்குதல் வேண்டும். ஒட்சியேற்றத்தைப் பெருக்கும் புகையிலையைக் கைவிடுதல் எவர்க்கும் இயலும். அதற்கு விலை எதுவுமில்லை.