ஒத்துப்போவதற்கு ஆகும் செலவு



ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் கூட்டங்களில் தவறாமல் ஒரு கேள்வி விழும்: "இதைத்தான் ஏற்கெனவே வேறு நாட்டில் செய்துவிட்டார்களே, நாம் எதற்குத் திரும்பச் செய்ய வேண்டும்?" பல துறைகளில் அது நியாயமான கேள்வி. நான் சார்ந்த அளவியலில் அது எடுபடாது. ஒரே ஆய்வகம் அளந்து சொன்ன எண்ணை எங்கள் துறையில் யாரும் முழுதாக நம்ப மாட்டோம். வேறு ஊரில், வேறு கருவியில், வேறு கஜானாவின் பணத்தில் அதே எண் வரவேண்டும்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் 1875லேயே இருந்தார்கள். பிரான்சும் ஜெர்மனியும் போரிட்டு ஓய்ந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த ஆண்டு மே 20 அன்று பாரிஸில் கூடி, அவ்விரண்டும் உள்பட 17 நாடுகள் மீட்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பாரிஸை ஒட்டிய செவ்ர் என்ற ஊரில், போரில் சேதமான ஒரு மாளிகையைப் பொது ஆய்வகத்துக்காகப் பிரான்ஸ் தந்தது. செலவை எப்படிப் பங்கிட்டார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நாட்டின் மக்கள்தொகையை மில்லியனில் எழுத வேண்டும். மெட்ரிக் முறையைக் கட்டாயமாக்கிய நாடு என்றால் அதை மூன்றால் பெருக்க வேண்டும், விருப்பத்துக்கு விட்ட நாடு இரண்டால், மற்றவை ஒன்றால். பலன் அதிகமாகப் பெறுபவர் அதிகமாகக் கொடுக்கட்டும் என்ற கணக்கு. பேச்சுக்கு வந்த பிரிட்டன் கையெழுத்திடாமல் போய், 1884இல்தான் சேர்ந்தது. 1889இல் பிளாட்டினம்-இரிடியம் கிலோகிராம் நகல்களைப் பிரித்தபோது, யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அதிகம் கொடுத்தவர் நல்லதாகப் பார்த்துப் பொறுக்க வழியில்லை.

இந்தியா 1957இல் சேர்ந்தது. அப்போது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு இயக்குநர், நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். நமக்கு வந்த நகலின் எண் 57. நம் ஊர்ச் சந்தையில் எடைக்கல்லுக்கு முத்திரை போடுகிறார்களே, அந்தக் கல்லை ஒப்பிட்ட கல், அதை ஒப்பிட்ட கல் என்று பிடித்துக்கொண்டே போனால் அந்த 57இல்தான் போய் நிற்க வேண்டியிருந்தது.

ஆனால் செவ்ரில் இருந்த மூலக் கட்டிக்கும் நகல்களுக்கும் இடையே நூறாண்டில் சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் விழுந்துவிட்டது. இளைத்தது மூலமா, பருத்தது நகலா என்று சொல்ல ஆளில்லை. பொருளையே விட்டுவிட்டு, இயற்கையின் மாறிலி ஒன்றிலிருந்து கிலோகிராமைப் பெற முனைந்தார்கள். அதற்கு இரண்டு வழி. ஒன்று, எடையை மின்விசையால் நிறுத்தும் கிப்பிள் தராசு. மற்றொன்று, சிலிக்கான் உருண்டையில் உள்ள அணுக்களை எண்ணுவது.

உருண்டையின் பயணத்தைக் கேளுங்கள். சிலிக்கான்-28ஐ மட்டும் பிரித்தெடுத்தது ரஷ்யா. படிகமாக வளர்த்தது பெர்லின். உருட்டி மெருகேற்றியது சிட்னி. அணுக்களின் இடைவெளியை டுரினிலும், பருமனை ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கிலும் ஜப்பானிலும் அளந்தார்கள். மேலே படிந்த ஆக்சைடு படலத்தைக்கூட விடாமல் கணக்கில் சேர்த்தார்கள். 94 மில்லிமீட்டர்கூட விட்டமில்லாத உருண்டை அது. அதற்கு ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் தன் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதியது. இன்றைய அரசியலில் அந்தச் சிலிக்கான் ரஷ்யாவிலிருந்து கிளம்பியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கிப்பிள் தராசைக் கண்டுபிடித்தவர் பிரிட்டனைச் சேர்ந்தவர். ஆனால் 2009இல் பிரிட்டன் அந்தக் கருவியைக் கழற்றிக் கனடாவுக்கு அனுப்பிவிட்டது. அது நிதி ஒதுக்குபவர்களின் முடிவு, விஞ்ஞானிகள் கேட்டதல்ல. ஒட்டாவாவில் அதைப் பூட்டி, மேம்படுத்தி, பிற்பாடு உலகிலேயே துல்லியமான அளவீட்டை எடுத்தார்கள். இடையில் சில ஆண்டுகள் அந்த மாறிலிக்கு அமெரிக்காவின் தராசு தந்த எண்ணும் சிலிக்கான் உருண்டை தந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. ஒட்டாவாவின் எண் சிலிக்கான் பக்கம் நின்றது. அமெரிக்கர்கள் பழைய கணக்கையும் கருவியையும் மறுபடி சோதித்தார்கள், இடைவெளி குறைந்தது. ஒட்டாவா இல்லையென்றால் அந்த வழக்குக்கு மூன்றாவது சாட்சியே இல்லை. தனித்தனியான மூன்று பரிசோதனைகளாவது ஒத்துப்போக வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறிய பிறகே, 2018 நவம்பர் 16 அன்று வெர்சாயில் கிலோகிராமின் புதிய வரையறைக்கு வாக்கெடுப்பு நடந்தது. 2019 மே 20 முதல் பிளாட்டினக் கட்டிக்கு ஓய்வு.

செலவைப் பகிர்ந்து ஒப்பிட வேண்டும் என்ற இதே பாடத்தை ஐரோப்பாவும் கற்றிருந்தது. 2009இல் தொடங்கிய அதன் அளவியல் ஆராய்ச்சித் திட்டத்தில் 22 நாடுகள் சேர்ந்து பாதிப் பணம் போட்டன, ஐரோப்பிய ஒன்றியம் மறுபாதி. மொத்தம் 400 மில்லியன் யூரோ. தலைப்பைப் பொதுவில் தேர்ந்தார்கள். பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து விண்ணப்பித்தால்தான் நிதி. அந்தப் பணத்தின் உதவியோடு, பாரிஸிலும் பிரவுன்ஷ்வைக்கிலும் உள்ள ஸ்ட்ரான்ஷியம் ஒளிக் கடிகாரங்களைச் சுமார் 1,400 கிலோமீட்டர் ஒளியிழையால் இணைத்து ஒப்பிட்டார்கள். இரு ஊர்களின் உயர வித்தியாசம் சுமார் 25 மீட்டர்தான். அந்த உயரத்தில் புவியீர்ப்பு மாறுவதால் கடிகாரம் ஓடும் வேகம் மாறுமே, அதையும் கழித்துப் பார்த்தார்கள். ஒத்துப்போயின.

இப்போது காத்திருப்பது விநாடி. 2030இல் கூடும் மீட்டர் ஒப்பந்த நாடுகளின் பொது மாநாட்டில் அதற்குப் புதிய வரையறை தர வேண்டும் என்பது திட்டம். அதற்கு முன் கண்டம் விட்டுக் கண்டம் ஒளிக் கடிகாரங்களை ஒப்பிட்டாக வேண்டும். கடலடி இழைக்கும் செயற்கைக்கோளுக்கும் ஆகும் செலவு எந்த ஒரு நாட்டின் பையிலும் அடங்காது. இன்று பட்டம் பெற்றிருக்கும் உங்களில் சிலர் அந்தக் கடிகாரங்களின் அருகே நிற்பீர்கள். இன்னும் சிலர் நான் முதலில் சொன்ன கூட்டத்தில் மேசையின் அந்தப் பக்கம் இருப்பீர்கள். ஒப்பீட்டுக்கான தொகையை முதல் வெட்டாக வெட்டுவது அங்கே பழைய வழக்கம். அந்தத் தாள் உங்கள் கைக்கு வரும்போது, ஒட்டாவா போன கருவியைப் பற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் சொல்லுங்கள்.