கேள்வி கேட்டு முடிவு செய்வோம்

மங்கில் பால் குறைந்துவிட்டால் அனுபவமுள்ள வெட்டுத் தொழிலாளி என்ன செய்கிறார்? நம் நேரம் சரியில்லை என்று உட்கார்ந்துவிடுவதில்லை. இரவு மழை பெய்ததா? வெட்டத் தொடங்குமுன் வெயில் ஏறிவிட்டதா? இலை உதிர்ந்து புதுத் துளிர் விடும் காலமா? உளி போதிய ஆழம் போகவில்லையா? பட்டையே வறண்டுவிட்டதா? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றாகத் தள்ளி, காரணத்தைப் பிடித்துவிடுகிறார். மரத்தடியில் இவ்வளவு நன்றாக யோசிக்கிற நாம், வீட்டுக் காரியம் என்று வந்தால் மட்டும் ஏன் ஒரே மூச்சில், பல சமயம் ஒரே சண்டையில், முடிவு செய்துவிடுகிறோம்?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மகள் எஸ்.பி.எம். தேர்வில் தேறிவிட்டாள். ஆறாம் படிவத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அதே வாரத்தில் வெளியூர்த் தொழிற்சாலைக்கு ஆள் சேர்ப்பவர் தோட்டத்துக்கு வருகிறார். மாதம் 1,700 வெள்ளி என்கிறார். 2025-இல் நம் நாட்டில் சட்டப்படி வந்த குறைந்தபட்சச் சம்பளமே அதுதான். அவர் ஒன்றும் அள்ளிக் கொடுக்கவில்லை. அப்பா போகட்டும் என்கிறார். அம்மா வேண்டாம் என்கிறார். மகளை யாரும் கேட்கவில்லை.

1772-ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேய அறிஞருக்கு இப்படி ஒரு குழப்பம் வந்தது. இருக்கிற வேலையை விட்டுவிட்டு ஒரு பிரபுவிடம் வேலைக்குப் போவதா, வேண்டாமா? (பென்சில் கோட்டை ரப்பர் அழிக்கும் என்று 1770-இலேயே எழுதி வைத்தவர் இவர். நம் தொழிலுக்குச் சொந்தக்காரர் என்றே சொல்லலாம்.) நண்பர் பெஞ்சமின் பிராங்கிளினிடம் யோசனை கேட்டார். பிராங்கிளின் 'போ' என்றும் எழுதவில்லை, 'போகாதே' என்றும் எழுதவில்லை. முடிவு செய்யும் வழியை மட்டும் எழுதினார். ஒரு தாளின் நடுவே கோடு போடு, ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம், மூன்று நான்கு நாட்கள், நினைவுக்கு வர வர எழுது, பிறகு இரண்டு பக்கமும் சம எடையுள்ளவற்றை அடித்துவிடு, மிஞ்சுவதைப் பார். பிரீஸ்ட்லி அந்தப் பிரபுவிடம் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்தபோதுதான், 1774-இல், பிராணவாயுவைப் பிரித்தெடுத்தார்.

நம் வீட்டிலும் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துக் கோடு போடலாம். மகளே தன் கையால் எழுதட்டும். தாத்தா பாட்டி சொல்வதையும் எழுதட்டும். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பதும் கட்டாயம் வரும், எழுதிக்கொள்ளலாம். அதன் எடை என்ன என்று பிறகு பார்க்கும்போது தானே தெரியும்.

எழுதும்போது சில கேள்விகள் துணை செய்யும். கைக்கு எவ்வளவு வரும் என்பது ஒன்று. 1,700 வெள்ளியில் சேமநிதிக்கு நூற்றுக்குப் பதினொன்று வீதம் 187 வெள்ளி போகிறது. அது அவளுடைய பணந்தான், ஆனால் இப்போது கைக்கு வராது. விடுதி வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்து போகும் பஸ் செலவு எல்லாம் கழித்தபின் அம்மா கையில் என்ன இருக்கும்?

நாம் பெரும்பாலும் கேட்க மறப்பது இன்னொன்று: இந்த முடிவைப் பிறகு மாற்றிக்கொள்ள முடியுமா? ஆறாம் படிவம் ஒன்றரை ஆண்டு. அது முடிந்த பிறகும் தொழிற்சாலை வேலைக்குப் போகலாம். வேலைக்குப் போய் இரண்டு ஆண்டு கழித்துப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவது அவ்வளவு எளிதல்ல. ஒரு கதவு திறந்தே இருக்கும், மற்றது சாத்திக்கொள்ளும் என்றால் இரண்டும் சம எடை ஆகாது. ஆனால் வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கிறது, தம்பிமார் படிப்பு நின்றுவிடும் என்றால் அதுவும் கனமான வரிதான். அதை மறைக்காமல் எழுத வேண்டும். பிள்ளைக்குத் தெரியாமல் வைத்திருந்தால் அவள் எழுதும் கணக்கு பொய்க் கணக்காகிவிடும்.

தெரியாதவற்றின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். அது யாருக்குத் தெரியும் என்று பெயரையும் எழுதுங்கள். படிப்புக்கு என்ன உதவித்தொகை உண்டு என்பதைப் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் கேட்கலாம். தொழிற்சாலையைப் பற்றி ஆள் சேர்ப்பவரிடம் கேட்பதைவிட, போன வருடம் அங்கே போன பக்கத்து லயத்துப் பெண்ணிடம் கேட்பது மேல். தீபாவளிக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றிரவே தொலைபேசியில் கூப்பிடலாம். மிகுதிநேர வேலை இல்லாத மாதத்தில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடிந்தது என்பதை முதலில் கேளுங்கள்.