பனியும் காய்ச்சலும்

மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மலையிறங்கிப் பெரிய மருத்துவமனைக்குச் செல்லும் தமிழ் அம்மையாரை நோக்கி, ‘பனி உண்டோ?’ என்று மருத்துவர் வினவுகிறார். மலைச்சரிவின் விடியற்பனியை எண்ணி, ‘நிரம்ப உண்டு, ஐயா’ என்கிறார் அவர். இல்லாத காய்ச்சல் சீட்டில் ஏறிவிடுகிறது.

‘மயக்கம்’ இதனினும் இடர் மிக்கது. நமக்கு அது தலைசுற்றி நினைவிழத்தல், மலையாளத்தார்க்கோ கண்ணயர்தல். இதயத் துடிப்பில் கோளாறுடையவரை உறக்கக் குறைவென்று திருப்பியனுப்பவும் நேரலாம்.

1956-இல் தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களிலும் நம்மவர் பலர். உறவுமொழி என்பதாலேயே இப்பிழை புலனாவதில்லை. முற்றிலும் அயல்மொழியாயின் ‘விளங்கவில்லை’ என்றாவது சொல்லியிருப்போம்!

ஆகவே, நோயின் பெயரை விடுத்து நிகழ்ந்ததைச் சொல்லுங்கள்: எப்போது தொடங்கிற்று, நின்றபோதா, படுத்திருந்தபோதா, கீழே விழுந்தீர்களா, எத்தனை நிமிடத்தில் தெளிந்தது?

கருவிகளுக்கு மொழியில்லை, ஆயினும் அவையும் நம்மால் பிழைபடும். மேடேறி வந்து, சூடாகத் தேநீர் பருகி, உடனே கை நீட்டினால் இரத்த அழுத்தம் கூடுதலாகக் காட்டக்கூடும். அளப்பதற்கு முன் அரைமணி நேரம் தேநீர் வேண்டா. ஐந்து நிமிடம் முதுகு சாய்த்துப் பேசாது அமர்தல் நலம். இளைப்பாறியிருக்கும் பெரியவர்க்கு நாடி நிமிடத்திற்கு 60 முதல் 100. மூச்சு 12 முதல் 20. மூச்சை எண்ணுகிறோம் என்று அறிவித்தால் அதன் கதி மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பவர்போல் கைபற்றியவாறே எண்ணிவிடுவர் செவிலியர்.

‘பனி’யால் வந்த குழப்பத்தை வெப்பமானி தீர்த்துவிடும். ‘மயக்க’த்திற்கு அத்தகைய கருவி இல்லை. நீங்கள் விழுந்ததைக் கண்டவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.